எண்பத்து நான்கு சதவீதம்

எரிபொருள் தீரும்: டிக்.
பேட்டரி தீரும்: டிக்.
காற்று தீரும்: அதற்கும் டிக்.
வெளியிலிருந்து கப்பலைக் காட்டும் கேமராவை அணைத்தேன்.
தன் முதுகைத் தானே பார்த்தவன் எவன்?

ஒவ்வொரு டிக்குக்கும் கீழே ஓர் எண் ஏறுகிறது.
உண்மைத்தன்மை எண்பத்து நான்கு.
திருவொற்றியூர், இரண்டாவது மாடி, சனிக்கிழமை, பதினொன்றே முக்கால்.
தண்ணீர் லாரி பின்வாங்கும் பீப் பீப்
சோனாரில் சேராது,
அதை நானே கழித்துக்கொள்கிறேன்.

மீதிப் பதினாறு
மாலுமிகளின் களைப்பில் இருக்கிறது.
அதை மட்டும் தொடவில்லை.
பகலில் மணலி யார்டில்
நாற்பது பேருக்கு ஷிப்ட் போடுகிறவன் நான்,
இரவில் கடலுக்கடியிலும்
லீவு லெட்டர் வாங்க முடியாது.

மாட், பெரம்பூர் கிளிஃப்டன் செய்தது.
வங்காள விரிகுடாவின் ஆழத்தை
ஒவ்வோர் எண்ணாகத் தட்டியிருக்கிறான்.
எண்ணூருக்கு வெளியே பதினெட்டு மீட்டர்.
மூழ்கினாலும் முதுகு வெயிலில் காயும்.
கரையில் நான்கு கட்டடம், ஒரு கலங்கரை விளக்கம்,
மெட்ராஸ் என்று ஒரு பெயர்.
காசிமேடு எங்கடா என்றேன்.
மறுநாள் இருபது கட்டுமரம் அனுப்பினான்.
இருபதிலும் ஒரே ஆள், ஒரே முண்டாசு.
இருபது துடுப்பும் ஒரே நொடியில் மேலே வரும்.

இதில் குறை சொல்ல எனக்கென்ன தகுதி?
நான் கடலில் இறங்கியது முழங்கால் வரை,
அதுவும் பேன்ட்டை மடித்துக்கொண்டு.

காலை ஏழே காலுக்கு மரிய புஷ்பம் வந்தாள்,
கீழ்ப்பாக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு.
"விடிய விடிய முழிச்சிருந்தியா? பெரிய எம்டன்தான்."
பையைக் கீழே வைக்காமல் திரையைப் பார்த்தாள்.
"இவங்க எப்ப தூங்குவாங்க?"
தூங்க மாட்டாங்க, அந்த ஆப்ஷன அணைச்சிருக்கேன்.
"யாருமே களைக்காத வார்டு எங்க இருக்கு, சொல்லு.
மாத்தல் வாங்கிட்டுப் போறேன்."

அவள் குளிக்கப் போனதும்
டிக் போட்டேன்.
நூறு.

அன்றிரவு வடகிழக்கிலிருந்து ஓர் எண்ணெய்க் கப்பல்,
துணைக்கு யாருமில்லாமல்.
காலத்தை வேகமாக்காமல்
மூன்று மணி நேரம் காத்திருந்தேன்.
கோணத்தைக் கையால் போட்டேன்,
பழைய எல்.ஐ.சி. டைரியின் பின்பக்கத்தில், பென்சிலால்.
குழாய் ஒன்றைத் திற என்றேன்.
யாரும் திறக்கவில்லை.

டார்ப்பிடோ அறையில் ஆறு பேரும் உறக்கம்.
எஞ்சின் அறை உறக்கம்.
சோனார்காரன் ஹெட்போனோடு தலை சாய்த்திருந்தான்,
அவன் காதில் எண்ணெய்க் கப்பலின் விசிறி
தூளி ஆட்டிக்கொண்டிருந்தது.

கிளிஃப்டனை எழுப்பினேன்.
ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அரைத் தூக்கத்தில் சிரித்தான்:
"புள்ளிக்கப்புறம் ஒரு சைபர் விட்டுட்டேன் மச்சான்.
உன் ஆளுங்க பத்து மடங்கு வேகத்துல களைக்கிறாங்க.
ஒண்ணு சேத்துக்கோ, எந்திரிச்சிடுவாங்க."

புள்ளிக்குப் பின்னால் கர்சர் துடித்தது.
அடுத்த அறையில் மரிய புஷ்பம்.
வார விடுமுறை. மதியம் சாப்பிட்டுப் படுத்தவள்,
இரவுச் சாப்பாட்டுக்கும் எழவில்லை.
அவளுடைய எண்ணை எந்த ஃபைலில், எவன் தட்டினான்?
எத்தனை சைபர் விட்டான்?

கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் டொக் என்று பிடித்துக்கொண்டு
ஒரு முறை கத்தியது.
போன ஆடியிலேயே மாற்ற வேண்டிய பேட்டரி.
கம்ப்யூட்டரும் ஓடினால் ஒரு மணி நேரம்,
மின்விசிறி மட்டும் என்றால் விடியும் வரை.

சேமிக்கவா என்று கேட்டது.
பதில் சொல்லாமல் அணைத்தேன்.

கொசு ஒன்று, பிறகு அதுவும் இல்லை.
தெருமுனையில் நாய் ஒரு முறை குரைத்து நிறுத்தியது.
எண்ணெய்க் கப்பல் இந்நேரம்
கோவளத்தைத் தாண்டியிருக்குமா?
வேகம் தெரியும், திசை தெரியும்,
பென்சில் கையில் இருக்கிறது.
வெளிச்சம்தான் இல்லை.